கவர்னரின் வேலைக்கு உலை வைத்த வரி

ஒரு கவர்னரை எதற்காக வேலையைவிட்டுத் தூக்குவார்கள்? லஞ்சம் வாங்கினால் தூக்கலாம். கஜானாவில் கை வைத்தால் தூக்கலாம். கலவரத்தை அடக்கத் தெரியாமல் கோட்டை விட்டால் தூக்கலாம். ஆனால், 'என் ஜனங்கள் மேல் புதிய வரி போடாதீர்கள், முதலில் உங்கள் செலவைக் குறையுங்கள்' என்று சொன்னதற்காக ஒரு கவர்னரின் சீட்டைக் கிழித்தார்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். நடந்தது வேறெங்கோ இல்லை, நம்ம சென்னையில். வருடம் 1860. கவர்னர் பெயர், சர் சார்லஸ் டிரெவெல்யன்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகை, மை லேடீஸ் பூங்கா, நேரு ஸ்டேடியம் என்று வரிசையாக இருக்கிறதல்லவா? ஒரு காலத்தில் அதெல்லாம் சேர்ந்து ஒரே பூங்கா. பெயர் பீப்பிள்ஸ் பார்க். வண்டலூருக்குப் போவதற்கு முன்னால் மிருகக்காட்சி சாலை இருந்ததும் அங்கேதான். ஜன நெருக்கடி மிகுந்த கறுப்பர் நகரத்து மக்கள் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று அந்தப் பூங்காவுக்கு ஏற்பாடு செய்த புண்ணியவான் இந்த டிரெவெல்யன்தான். பதவியில் இருந்தது என்னவோ சுமார் பதினைந்தே மாதங்கள். அதற்குள் ஒரு வரி அவர் கதையை முடித்துவிட்டது.

அந்த வரியை நீங்கள் இன்றும் கட்டுகிறீர்கள். வருமான வரி.

★

கதையை மூன்று வருடங்கள் முன்னால் இருந்து ஆரம்பிக்கவேண்டும்.

1857-ல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மீரட், டெல்லி, கான்பூர், லக்னோ என்று பற்றிக்கொண்டது. அடக்கி முடிப்பதற்குள் பிரிட்டிஷாருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. 1858-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு மூடுவிழா நடத்தி, விக்டோரியா ராணியின் பெயரில் இந்தியாவை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்ட கையோடு கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், தலை சுற்றியது.

போர் ஆரம்பித்த நாளிலிருந்து மூன்று வருடங்களில் பற்றாக்குறை மட்டும் சுமார் 3 கோடி பவுண்டு. கடன் மேல் கடன். இங்கிலாந்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிய வெள்ளைக்கார சோல்ஜர்களுக்குச் சம்பளம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இந்தியா கணக்கில். கலகத்தை அடக்கிய செலவை யார் தலையில் கட்டுவது? வேறு யார் தலை, இந்தியாவின் தலைதான்.

சரி, இந்தக் கணக்கைச் சரிசெய்ய ஆள் வேண்டுமே? லண்டன் தேர்ந்தெடுத்த ஆசாமி, ஜேம்ஸ் வில்சன்.

வில்சனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்காட்லாந்தில் ஹாவிக் என்கிற சின்ன ஊரில் 1805-ல் பிறந்தவர். தொப்பி தயாரிக்கும் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கினார். நன்றாகச் சம்பாதித்தார். 1837 வாக்கில் இண்டிகோ என்கிற நீலச்சாய வியாபாரத்தில் விலை ஏறும் என்று பந்தயம் கட்டி, சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தொலைத்தார். அதாவது, இந்தியாவுக்கு வருவதற்கு முன்னாலேயே ஒருமுறை இந்தியச் சரக்கு அவரைக் கவிழ்த்திருக்கிறது! மனிதர் அசரவில்லை. 1843-ல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 'தி எகானமிஸ்ட்.' ஆமாம், இன்றும் வந்துகொண்டிருக்கும் அதே எகானமிஸ்ட்தான். 1853-ல் ஒரு பேங்க் ஆரம்பித்தார். சார்ட்டர்ட் பேங்க். இன்றைய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டின் ஒரு பாதி. நடுவில் எம்.பி. ஆகி, லண்டன் கருவூலத் துறையில் நிதிச் செயலாளராகவும் இருந்தார்.

1859 கடைசியில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். 1860 பிப்ரவரி 18-ம் தேதி, சட்டசபையில் எழுந்து நின்று இந்தியாவின் முதல் பட்ஜெட் உரையை வாசித்தார். பட்ஜெட் என்றாலே டி.வி. முன்னால் உட்கார்ந்து 'நமக்கு என்ன வரப்போகிறதோ' என்று வயிற்றில் புளி கரைய நாம் காத்திருக்கும் வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி அன்றைக்குப் போட்டதுதான்.

மூன்று புதிய வரிகளை முன்மொழிந்தார் வில்சன். வருமானத்துக்கு வரி. தொழில், வியாபாரம் செய்ய லைசென்ஸ் வரி. புகையிலைக்கு வரி. கடைசி இரண்டும் பின்னால் காணாமல் போயின. நிலைத்தது முதலாவது.

கணக்கு இதுதான். வருடத்துக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் நூற்றுக்கு 2 ரூபாய் கட்டவேண்டும். அதற்கு மேல் சம்பாதிப்பவர்கள் 4 ரூபாய். இந்த 4-ல் 3 ரூபாய் சர்க்காருக்கு. மீதி 1 ரூபாய், அந்தந்த வட்டாரத்தில் ரோடு, வாய்க்கால் போன்ற பொதுக்காரியங்களுக்கு. ஐந்தே வருடங்கள்தான் இந்த வரி, அப்புறம் எடுத்துவிடுவோம் என்று வாக்குறுதி வேறு.

'தற்காலிகம்' என்று சொல்லிக்கொண்டு வரும் வரிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

★

வில்சனை வில்லனாகப் பார்க்கவேண்டாம். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. வலுவான நியாயம்.

அதுவரை இந்தியாவில் வரி கட்டியவர்கள் யார்? நிலத்தை உழுதவன் நிலவரி கட்டினான். சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிட்ட ஒவ்வொருவரும் உப்பு வரி கட்டினார்கள். கூலிக்காரன் வீட்டுக் கஞ்சியிலும் அந்த வரி கரைந்திருந்தது. ஆனால் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஏற்றுமதி, இறக்குமதி செய்து கொழித்த பெரிய வியாபாரி? வெள்ளைக்கார வக்கீல்? ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்கிய வெள்ளைக்கார அதிகாரி? இவர்கள் தங்கள் வருமானத்தில் கட்டிய நேரடி வரி, ஏறக்குறைய பூஜ்யம். வங்காளத்து ஜமீன்தார்களுக்கோ 1793-ல் காரன்வாலிஸ் காலத்தில் நிர்ணயித்த தொகைதான். விளைச்சலும் விலையும் எவ்வளவு ஏறினாலும் அவர்கள் கட்டுவது ஏறாது.

வில்சன் கேட்டது எளிய கேள்வி. போலீஸ், கோர்ட், ராணுவம் என்று சர்க்கார் கொடுக்கும் பாதுகாப்பை எல்லாரையும்விட அதிகமாக அனுபவிப்பது யார்? பாதுகாக்கப்படவேண்டிய சொத்து அதிகம் வைத்திருப்பவன்தானே? அவன் கட்டாமல், உப்பு வாங்குகிறவன் மட்டும் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஆடம் ஸ்மித் ஞாபகம் வரலாம். 1776-ல் அவர் வகுத்த நான்கு வரி இலக்கணங்களைப் பரீட்சைக்கு உருப்போட்டிருப்பீர்கள். சக்திக்கு ஏற்ற சமத்துவம், எவ்வளவு என்பதில் நிச்சயம், கட்டுபவனுக்கு வசதி, வசூலிப்பதில் சிக்கனம். வில்சன் பிடித்துக்கொண்டது முதல் இலக்கணத்தை.

சும்மா சொல்லவில்லை, வந்து சில வாரங்களே ஆன மனிதர், தன் உரையில் மனுவைக்கூடத் துணைக்கு அழைத்தார். 'அரசன் வரி வாங்கலாம் என்று உங்கள் சாஸ்திரத்திலேயே இருக்கிறது, பாருங்கள்' என்கிற தோரணை. வரியை எப்படி வாங்கவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று பாண்டியனுக்கே பாடம் எடுத்த பிசிராந்தையாரை அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது 1894-ல்தான்!

★

உரையின் விவரம் சென்னைக்கு வந்தது. டிரெவெல்யன் கொதித்துப்போனார்.

வேடிக்கை என்னவென்றால், வில்சனும் டிரெவெல்யனும் அந்நியர்கள் இல்லை. லண்டன் கருவூலத் துறையில் இருவரும் ஒரே காலகட்டத்தில் வேலை பார்த்தவர்கள். டிரெவெல்யன் அங்கே பத்தொன்பது வருடங்கள் நிரந்தர அதிகாரி. ஒவ்வொரு பென்னியையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக் கொடுக்கிற ரகம். மெக்காலேயின் தங்கையைக் கல்யாணம் செய்தவர். இளவயதில் டெல்லியில் வேலை பார்த்தபோது, லஞ்சம் வாங்கிய தன் மேலதிகாரியையே அம்பலப்படுத்தி வெளியேற்றியவர். நேர்மைக்குக் குறைவில்லை. வாய்க்கும் குறைவில்லை.

மார்ச் 20-ம் தேதி ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அதன் சாரத்தை நம் பாஷையில் சொல்வதென்றால் இப்படி:

ஒன்று, கலகம் நடந்தது வடக்கே. தெற்கே சென்னை ராணுவம் அமைதியாக, விசுவாசமாக இருந்தது. அடங்கியிருந்தவனுக்கும் சேர்த்து அபராதமா?

இரண்டு, வருமான வரி என்றால் வருமானத்தைத் தோண்டித் துருவிப் பார்க்கவேண்டும். கீழ்மட்டச் சிப்பந்திகள் வீடு வீடாக, கடை கடையாக நுழைவார்கள். எவன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பதை யார் நிச்சயிப்பது? மிரட்டலும் மாமூலும்தான் மிஞ்சும். சர்க்காருக்கு ஒரு ரூபாய் வருவதற்குள் சிப்பந்தி பாக்கெட்டுக்கு எவ்வளவு போகும்? (ஸ்மித்தின் இரண்டாவது, நான்காவது இலக்கணங்கள் ஞாபகம் இருக்கட்டும்.)

மூன்று, இந்தச் சட்டத்தைப் போடுகிற கல்கத்தா சபையில் சென்னையின் குரல் என்ன? அன்றைக்கு அந்தச் சபையில் சென்னை மாகாணத்துக்கு ஒரே ஓர் உறுப்பினர். அவரும் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. இந்தியர் ஒருவர்கூடக் கிடையாது. கேட்க நாதியில்லாத ஜனங்கள் மேல் எந்த அளவுக்கு வரி போடலாம்?

நான்கு, இதுதான் முக்கியம். பற்றாக்குறையை அடைக்க வரி மட்டும்தான் வழியா? கலகம் முடிந்தபிறகும் போர்க்காலத்து ராணுவத்தை அப்படியே வைத்துக்கொண்டு தீனி போடுகிறீர்கள். அதைக் குறையுங்கள். என் மாகாணத்தில் நான் குறைத்துக் காட்டுகிறேன். புதிய வரியே தேவைப்படாது.

படிக்கும்போதே கை தட்டத் தோன்றுகிறதல்லவா? எந்த ஆட்சியில் எந்த வரி வந்தாலும் டீக்கடையில் நாம் பேசும் அதே வசனம்தான். 'அவங்க செலவைக் குறைக்கட்டும் சார் முதல்ல!'

ஒரு கவர்னர் மேலிடத்துக்கு இப்படி எழுதியதில் தப்பே இல்லை. எழுதியதை ஃபைலில் வைத்திருந்தால் கதை வேறு. டிரெவெல்யன் என்ன செய்தார் தெரியுமா? அதைச் சென்னைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. 'கவர்னரே சொல்கிறார், இது அநியாய வரி' என்று வியாபாரிகள் பேச ஆரம்பித்தார்கள். கல்கத்தா அதிர்ந்தது. கலகம் அடங்கி இரண்டு வருடங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு மாகாணத்தின் கவர்னரே, மத்திய சர்க்காருக்கு எதிராக ஜனங்களைக் கிளப்பிவிடுவதா?

லண்டனில் இந்தியாவுக்கான மந்திரியாக இருந்தவர் சர் சார்லஸ் வுட். அவரும் டிரெவெல்யனுக்குப் பழைய சிநேகிதர்தான். நிதி மந்திரியாக இருந்தபோது அதே கருவூலத்தில் சேர்ந்து வேலை பார்த்தவர். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். மே மாதம் உத்தரவு கிளம்பியது. ஜூனில் டிரெவெல்யன் மூட்டை கட்டினார். பார்லிமெண்டில் விவாதம் வந்தபோது, 'மகா நேர்மையாளர், சிறந்த நிர்வாகி, ஆனால் செய்தது தப்பு' என்று சொல்லி முடித்தார்கள். கருத்துக்காக அல்ல, அதைப் பகிரங்கமாகச் சொன்னதற்காகத் தண்டனை.

★

அடுத்து நடந்ததையெல்லாம் சினிமாவில் வைத்தால் ஓவராக இருக்கிறது என்பீர்கள்.

டிரெவெல்யனின் இடத்துக்கு, இலங்கையில் கவர்னராக இருந்த சர் ஹென்றி வார்டு வந்தார். ஜூலையில் வந்தவர், ஆகஸ்ட் 2-ம் தேதி காலராவில் இறந்துபோனார். ஜூலை 24-ம் தேதி வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. (இன்றும் ஜூலை 24-ஐ வருமான வரி தினமாகக் கொண்டாடுகிறது வருமான வரித் துறை. கட்டுகிறவர்கள் கொண்டாடுவதாகத் தகவல் இல்லை.) சட்டம் வந்த பதினெட்டாவது நாள், ஆகஸ்ட் 11-ம் தேதி, கல்கத்தாவில் சீதபேதியில் போய்ச் சேர்ந்தார் ஜேம்ஸ் வில்சன். வயது 55. தான் போட்ட வரியில் ஒரு வருட வசூலைக்கூட அவர் பார்க்கவில்லை.

யார் சொன்னது சரி என்பதை அடுத்த இரண்டு மூன்று வருடங்கள் காட்டின.

வில்சனுக்குப் பின்னால் வந்த சாமுவேல் லெயிங், ராணுவச் செலவில் பலமாகக் கத்தி வைத்தார். பற்றாக்குறை மறைந்தது. அந்த விஷயத்தில் டிரெவெல்யன் ஜெயித்தார். 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை சம்பாதித்தவர்களிடம் வாங்கிய 2 சதவிகிதம்? வரி கட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த அடுக்கில்தான் இருந்தார்கள். வந்த பணமோ சொற்பம். மாதம் பதினேழு ரூபாய் வாங்கும் குமாஸ்தாவைத் துரத்திப் பிடிப்பதற்கு ஆகும் பாடு, கிடைக்கும் காசுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1862-ல் அவர்களை விட்டுவிட்டார்கள். அதிலும் டிரெவெல்யன் ஜெயித்தார்.

அப்புறம்தான் உச்சகட்டம். 1863-ல் இந்தியாவுக்குப் புதிய நிதி உறுப்பினரை லண்டன் அனுப்பியது. யார் அந்த அதிர்ஷ்டசாலி? சாட்சாத் டிரெவெல்யன்! எந்த வரியை எதிர்த்து வேலை போனதோ, அதே வரியை வசூலிக்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். 1865-ல் ஐந்து வருடக் கெடு முடிந்ததும் வருமான வரியைக் காலாவதியாக விட்டுவிட்டு, ஊருக்குப் போய்விட்டார்.

சுபம் போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். 'செலவைக் குறை' என்கிற மந்திரத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் போனால் கதை பாதிதான்.

★

சென்னையில் ஜனங்களின் நண்பனாகத் தெரிந்த இதே டிரெவெல்யனின் பெயரை அயர்லாந்தில் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள். இன்றைக்கும் அங்கே விளையாட்டு மைதானங்களில் ரசிகர்கள் சேர்ந்து பாடும் ஒரு பிரபலமான பாட்டில் அவர் பெயர் வருகிறது. பாராட்டி அல்ல.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளின் ஒரே சாப்பாடு அது. பஞ்சம். நிவாரணப் பணத்தைக் கையில் வைத்திருந்த கருவூல அதிகாரி, டிரெவெல்யன். 'சும்மா கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகள் ஆகிவிடுவார்கள், சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும்' என்பது அவர் கட்சி. வில்சனின் எகானமிஸ்ட்டும் அதே பாட்டைத்தான் பாடியது. 1847 கோடையில் சர்க்காரின் கஞ்சித் தொட்டிகள் தினம் 30 லட்சம் பேருக்குச் சோறு போட்டன. அந்தத் திட்டம் வேலை செய்தது. ஆனாலும் இலையுதிர் காலத்துக்குள் அதை மூடினார்கள். இனி அயர்லாந்தின் ஏழைகளை அயர்லாந்தே வரி போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 10 லட்சம்.

அந்தப் பஞ்சம் முழுவதற்கும் பிரிட்டிஷ் சர்க்கார் செலவழித்தது சுமார் 80 லட்சம் பவுண்டு. 1833-ல் அடிமை முறையை ஒழித்தபோது, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாகக் கொடுத்தது 2 கோடி பவுண்டு. கஜானாவில் பணம் இல்லாமல் இல்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஆக, ராணுவத்தைக் குறை என்றபோது சிக்கனம் ஜனங்களைக் காப்பாற்றியது. கஞ்சித் தொட்டியை மூடு என்றபோது அதே சிக்கனம் கொன்றது. ஆள் ஒருவர்தான். கொள்கையும் ஒன்றுதான்.

★

இந்தப் பாடத்தை நம் மண்ணும் படித்தது. கொடூரமான வகுப்பில்.

1860-ல் கல்கத்தாவில் வில்சனுக்கு உதவியாளராக இருந்த இளம் அதிகாரி, ரிச்சர்ட் டெம்பிள். பின்னால் படிப்படியாக உயர்ந்தார். 1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பொறுப்பு அவரிடம் வந்தது. மனிதர் தாராளமாகச் செலவழித்தார். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி இறக்கினார். விளைவு, பட்டினிச் சாவு மிகச் சொற்பம். மாலை போட்டுப் பாராட்டியிருக்கவேண்டும், இல்லையா? 'ஊதாரி' என்று திட்டினார்கள். திட்டியவர்களில் எகானமிஸ்ட்டும் ஒன்று. அப்போது அதன் ஆசிரியர், வில்சனின் மாப்பிள்ளை வால்டர் பேஜட்.

டெம்பிள் பாடம் கற்றுக்கொண்டார். தப்பான பாடம்.

அடுத்து வந்தது நம் பாட்டன் பூட்டன்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு, 30,000 டன் தானியம் வாங்கிச் சேர்த்தார். கல்கத்தா அவரைக் கண்டித்தது, வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக்கூடாதாம். வைஸ்ராய் லிட்டன் பிரபு அப்போது ரொம்ப பிஸி. 1877 ஜனவரி 1-ம் தேதி டெல்லியில் தர்பார். விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி ஆகிறார். ராஜாக்கள், நவாபுகள், யானைகள், விருந்துகள்! அது முடிந்த சூட்டோடு, சென்னையில் செலவைக் கட்டுப்படுத்த டெம்பிளை அனுப்பினார்கள்.

டெம்பிள் இந்தமுறை 'ஊதாரி' ஆகவில்லை. நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்டவேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ், 'இது மனிதன் உயிர் வாழப் போதாது' என்று சண்டை போட்டார். சில மாதங்கள் கழித்து அளவைக் கூட்டினார்கள். அதற்குள் முகாம்களில் பிணங்கள். பஞ்சம் பரவிய பகுதிகளில் செத்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி இருக்கிறதே? பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுப்பாகத் தெரியுமே, அது அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டியது. கஞ்சிக்காக வெட்டியது.

இனி இப்படி நடக்கவே கூடாது என்று சர்க்காருக்கு ஞானோதயம் வந்தது. பஞ்சக் காப்பு நிதி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். வருடத்துக்கு 15 லட்சம் பவுண்டு ஒதுக்குவதாகப் பேச்சு. பணத்துக்கு? 1878-ல் புதிய லைசென்ஸ் வரி. பலசரக்குக் கடைக்காரர், கைவினைஞர் என்று சின்னச் சின்ன ஆட்கள் தலையில் விழுந்தது. பெரிய சம்பளம் வாங்கும் அதிகாரிகளும் வக்கீல்களும் தப்பித்துக்கொண்டார்கள். வில்சனின் நியாயம்கூட இந்த வரியில் இல்லை. ஆனாலும் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். பஞ்சத்துக்காக அல்லவா?

அதே 1878 நவம்பரில் லிட்டன் ஆப்கானிஸ்தான் மேல் படை எடுத்தார். செலவு போட்ட மதிப்பீட்டை எங்கோ தாண்டிப் போனது. அடுத்த வருடம் பஞ்சக் காப்புக்கு ஒதுக்குவதை நிறுத்திவைத்தார்கள். பஞ்சத்துக்கு என்று சொல்லி வாங்கிய வரி மட்டும் நிற்கவில்லை. கட்டியவனுக்கு மிஞ்சியது காபூல் போர்.

★

1886-ல் வருமான வரி மறுபடி வந்தது. இந்தமுறை போகவே இல்லை. 1922-ல் ஒரு சட்டம், 1961-ல் ஒரு சட்டம், 2025-ல் ஒரு புதிய சட்டம் என்று உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அது தப்பு என்று நான் சொல்லவில்லை. உப்புக்கு வரி போடுவதைவிட, சம்பாதிப்பவனிடம் வாங்குவது ஆயிரம் மடங்கு மேல். வில்சன் அந்த விஷயத்தில் சரி. வரியே இல்லாத நாட்டில் கஞ்சித் தொட்டியும் இருக்காது, கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியும் இருக்காது. ஆனால் 'எவ்வளவு வரி நியாயம்?' என்பதைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு சண்டை போட்டால் விடை கிடைக்காது என்பதைத்தான் இந்த நாலைந்து வெள்ளைக்காரர்களின் கதை சொல்கிறது. பஞ்சத்துக்குப் போகிற 4 சதவிகிதம் கொஞ்சம்தான். காபூலுக்குப் போகிற 1 சதவிகிதம் அதிகம். இரண்டுக்கும் நடுவில், இதைத் தீர்மானிக்கும் இடத்தில் வரி கட்டுபவனுக்குக் குரல் இருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. டிரெவெல்யன் கேட்டதிலேயே பிரமாதமான கேள்வி அதுதான். அதைக் கேட்ட அவரையே மூட்டை கட்ட வைத்தார்கள்.

அந்தக் கேள்வியின் நிலைமை இன்று எப்படி? வோட்டு இருக்கிறது, பார்லிமெண்ட் இருக்கிறது, கணக்குத் தணிக்கை இருக்கிறது. நிச்சயம் 1860 இல்லை. ஆனால் பஞ்சக் காப்பு நிதியின் வாசனை அவ்வப்போது அடிக்கத்தான் செய்கிறது. 'இன்ன காரியத்துக்கு' என்று பெயர் சொல்லி வாங்கும் வரிக்கு இப்போது பெயர் செஸ். கல்விக்கு என்று 2004-ல் 2 சதவிகிதம் ஆரம்பித்தது. 2018 முதல் 'சுகாதாரம் மற்றும் கல்வி' என்று 4 சதவிகிதமாகிவிட்டது. உங்கள் வருமான வரிக் கணக்கில் கடைசி வரியாகக் கூட்டப்படுவது அதுதான். இன்னொன்று, ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுப்பதற்காக வசூலித்த செஸ். முதல் இரண்டு வருடங்களில் வசூலானதில் 47,272 கோடி ரூபாய், அதற்கென்று இருந்த நிதியில் போய்ச் சேரவில்லை என்று 2020-ல் மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை சொன்னது. கணக்கை நேர்செய்யக் கொஞ்சம் காலம் பிடித்தது, வேறு ஒன்றுமில்லை என்று நிதி அமைச்சகம் பதில் கொடுத்தது. இருக்கலாம். ஆனால் இப்படி ஓர் அறிக்கை வந்ததும், பதில் வந்ததும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்ஜெட் அன்றைக்கு நாம் பார்ப்பது ஒன்றே ஒன்று. எத்தனை லட்சம் வரை வரி இல்லை? அது தெரிந்ததும் டி.வி.யை அணைத்துவிடுகிறோம். வாங்கிய பணம் சொன்ன இடத்துக்குப் போனதா என்று சொல்லும் தணிக்கை அறிக்கைகள் பல மாதங்கள் கழித்து, சத்தமில்லாமல் சபையில் வைக்கப்படுகின்றன. ரகசியம் ஒன்றுமில்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1860-ல் ஒரு குறிப்பை ஜனங்கள் படிக்கக் கொடுத்ததற்காக ஒரு கவர்னர் வேலையை இழந்தார். இன்றைக்கு அப்படி எந்த ஆபத்தும் கிடையாது. அடுத்தமுறை அந்த அறிக்கை வரும்போது, உங்கள் செஸ் எங்கே போனது என்கிற பக்கத்தையாவது புரட்டிப் பாருங்களேன்.